தொடர்கதை வாசகர் ஊகங்கள்: பொன்னியின் செல்வனும் திருவாலங்காட்டுச் செப்பேடும்

ஒரு கதை முடிவதற்கு முன்பே அடுத்து என்ன நடக்கும், யார் இறப்பார், யார் யாரை மணப்பார் என்று வாசகர்கள் கூடிப் பேசி முடிவுகட்டுவது தொடர்கதையோடு பிறந்த வழக்கம். தமிழில் இவ்வழக்கம் மிகப் பெரிய அளவில் நிகழ்ந்தது கல்கி வார இதழில் 1950 முதல் 1954 வரை வெளிவந்த பொன்னியின் செல்வன் தொடரின்போது ஆகும். இத்தொடர் ஒரு வகையில் தனித்தன்மை உடையது. கதையின் முடிவைச் சொல்லும் சான்றுகள் கதை எழுதப்படுவதற்கு ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே செம்பிலும் கல்லிலும் வெட்டப்பட்டிருந்தன. அவற்றுள் முதன்மையான ஒன்று இன்றைய திருவள்ளூர் மாவட்டத்தில் உள்ள திருவாலங்காட்டில் கிடைத்தது. முடிவு எழுதப்பட்டிருந்தும் வாசகர்கள் ஏன் ஊகித்தார்கள், அந்த ஊகங்களை ஆசிரியர் எவ்வாறு வென்றார் என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

தொடர்கதையும் காத்திருப்பும்

தமிழ் வாசகருக்கு ஊகித்தல் புதிதன்று. விக்கிரமாதித்தன் கதைகளில் வேதாளம் ஒவ்வொரு கதையையும் ஒரு கேள்வியோடு நிறுத்தும். விடை தெரிந்தும் மன்னன் வாய் திறக்காவிட்டால் அவன் தலை வெடித்துச் சிதறும். 1947இல் தொடங்கிய அம்புலிமாமா இதழின் வழியே இந்தக் கேள்விகள் பல தலைமுறைச் சிறுவர்களைச் சென்றடைந்தன. மன்னன் விடை சொல்வதற்கு முன் தாமே விடை கண்டுபிடிக்க முயலாத சிறுவர் அரிது.

அச்சு இதழ்கள் இந்தக் காத்திருப்பை ஒரு வாரமாகவும் ஒரு மாதமாகவும் நீட்டின. இங்கிலாந்தில் சார்லஸ் டிக்கன்ஸ் 1840–41இல் ஒரு நாவலைத் தொடராக எழுதியபோது, அதில் வரும் நெல் என்ற சிறுமியைச் சாகவிட வேண்டாம் என்று வாசகர்கள் கடிதம் எழுதினர். அவள் இறந்தாள். 1893 டிசம்பரில் ஆர்தர் கோனன் டாயில் தம் துப்பறிவாளர் ஷெர்லாக் ஹோம்ஸை அருவியில் விழச் செய்தார். வாசகர் அதை ஏற்கவில்லை. பத்தாண்டுகளுக்குப் பின் 1903இல் ஹோம்ஸ் உயிரோடு திரும்பி வந்தார்.

தமிழில் ரா. கிருஷ்ணமூர்த்தி என்ற கல்கி (1899–1954) இந்தக் கலையில் கைதேர்ந்தவர். 1941இல் தி. சதாசிவத்துடன் சேர்ந்து கல்கி இதழைத் தொடங்கினார். பார்த்திபன் கனவு, சிவகாமியின் சபதம் ஆகிய வரலாற்று நாவல்களை அதில் தொடராக எழுதினார். 1950 அக்டோபர் இறுதியில் பொன்னியின் செல்வன் தொடங்கியது. புது வெள்ளம், சுழற்காற்று, கொலை வாள், மணிமகுடம், தியாகச் சிகரம் என்று ஐந்து பாகங்களாக மூன்றரை ஆண்டுகள் வாரந்தோறும் அது வளர்ந்தது. மணியம் வரைந்த ஓவியங்கள் பாத்திரங்களுக்கு முகம் கொடுத்தன. இதழின் விற்பனை எழுபதாயிரத்தைத் தாண்டியதாகச் சொல்லப்படுகிறது.

ஒரு பிரதி ஒருவரோடு நிற்கவில்லை. ஒரு வீட்டில் வாங்கிய இதழ் தெரு முழுவதும் சுற்றியது. எழுத்தறியாத பாட்டிக்குப் பேரன் வாசித்துக் காட்டினான். வாரந்தோறும் பக்கங்களைக் கிழித்துச் சேர்த்து, தொடர் முடிந்ததும் பைண்டு செய்து வைக்கும் வழக்கம் பல வீடுகளில் இருந்தது. அடுத்த இதழ் வரும்வரை ஏழு நாட்கள் பேசுவதற்குப் பொருள் கிடைத்தது.

திருவாலங்காட்டுச் செப்பேடு

திருவாலங்காடு திருவள்ளூருக்கும் அரக்கோணத்துக்கும் இடையே உள்ள ஊர். சென்னை–அரக்கோணம் இருப்புப் பாதையில் இதற்கு ஒரு நிலையம் உண்டு. நடராசரின் ஐந்து சபைகளில் இரத்தின சபை இங்கு உள்ளது. காரைக்கால் அம்மையாரோடு தொடர்புடைய தலமும் இதுவே.

1905இல் இங்கு முதலாம் இராசேந்திர சோழன் காலத்துச் செப்பேட்டுத் தொகுதி கிடைத்தது. சோழர் இலச்சினை பொறித்த வளையத்தில் கோக்கப்பட்ட 31 ஏடுகள் கொண்டது அது. இராசேந்திரனின் ஆறாம் ஆட்சியாண்டில், அதாவது ஏறத்தாழ 1018இல், பழையனூர் என்ற ஊரைத் திருவாலங்காட்டுக் கோயிலுக்கு வழங்கிய செய்தியை அது பதிவு செய்கிறது. அதன் வடமொழிப் பகுதி சோழர் குலவரலாற்றை விரிவாகக் கூறுகிறது. எச். கிருஷ்ண சாஸ்திரி இதைப் பதிப்பித்தார். தென்னிந்தியக் கல்வெட்டுகள் வரிசையின் மூன்றாம் தொகுதியில் 1920இல் இது அச்சேறியது.

அந்தக் குலவரலாற்றில் பொன்னியின் செல்வன் கதையின் எலும்புக்கூடு முழுவதும் இருக்கிறது. சுந்தர சோழனின் மூத்த மகன் ஆதித்த கரிகாலன் பாண்டியனை வென்றான். பின்பு இவ்வுலகை விட்டு நீங்கினான். மக்கள் இளையவனான அருள்மொழிவர்மனை அரசனாகும்படி வேண்டினர். ஆனால் தன் சிற்றப்பன் முறையான மதுராந்தகன் அரசை விரும்புவதை அறிந்த அருள்மொழி, அதை மனத்தாலும் விரும்பவில்லை. மதுராந்தகன் உத்தம சோழன் என்ற பெயரில் ஆண்டான். அவனுக்குப் பின்பு, 985இல், அருள்மொழி இராசராசனாக முடிசூடினான்.

ஆகவே தொடரின் முதல் அத்தியாயம் வெளிவந்த நாளிலேயே முடிவு அச்சில் இருந்தது. கே. ஏ. நீலகண்ட சாஸ்திரியின் சோழர் வரலாறு 1930களில் வெளிவந்துவிட்டது. தி. வை. சதாசிவ பண்டாரத்தாரின் பிற்காலச் சோழர் சரித்திரம் முதற்பகுதி 1949இல் தமிழிலேயே வெளிவந்தது. மணிமகுடம் யாருக்குச் செல்லும் என்ற கேள்விக்கு நூலகத்தில் விடை இருந்தது.

செப்பேடு கிடைத்த ஊரின் நிலை வேறு. பொன்னியின் செல்வன் வெளிவந்த ஆண்டுகளில் திருத்தணி வட்டாரம் சித்தூர் மாவட்டத்தில் இருந்தது. 1960 ஏப்ரல் 1 அன்றுதான் அது சென்னை மாநிலத்துடன் இணைந்தது. திருவள்ளூர் தனி மாவட்டமானது 1997இல். சோழர் கதையை வாரந்தோறும் படித்த தமிழ் வாசகர் பலருக்கு, அக்கதையின் முடிவைச் சொல்லும் செப்பேடு இத்தனை அருகில் கிடைத்தது என்பது தெரிந்திருக்க வாய்ப்பில்லை.

ஊகத்தின் மூன்று வகைகள்

பொன்னியின் செல்வனில் வாசகர் ஊகித்தவற்றை மூன்றாகப் பிரிக்கலாம்.

முதலாவது, சான்று உள்ளவை. அருள்மொழிவர்மன் கடலில் சுழற்காற்றில் சிக்குகிறான். விஷக் காய்ச்சலில் கிடக்கிறான். அவன் சாகமாட்டான் என்று பள்ளி மாணவனுக்கும் தெரியும். தஞ்சைப் பெரிய கோயிலைக் கட்ட வேண்டியவன் அவன். வந்தியத்தேவனும் அப்படியே. குந்தவையை வல்லவரையர் வந்தியத்தேவரின் தேவி என்று தஞ்சைக் கோயில் கல்வெட்டு குறிப்பிடுகிறது. எத்தனை வாள்கள் சூழ்ந்தாலும் அவன் தப்பிக் குந்தவையை மணந்தாக வேண்டும். கல்வெட்டில் பிற்காலத்தில் பெயர் வருபவர் கதையில் இடையில் இறக்க முடியாது என்பதே இங்கு விதி.

இரண்டாவது, சான்று இல்லாதவை. நந்தினி, பூங்குழலி, மணிமேகலை, ஊமை ராணி போன்றோர் கற்பனைப் பாத்திரங்கள். இவர்களைக் காக்கக் கல்வெட்டு எதுவும் இல்லை. ஆசிரியர் விரும்பினால் வாழ்வர், விரும்பினால் மடிவர். வாசகரின் உண்மையான அச்சம் இவர்களைப் பற்றியதாகவே இருந்தது. வந்தியத்தேவனை ஒருதலையாகக் காதலித்த மணிமேகலையின் முடிவு வாசகரை இன்றும் கலங்க வைப்பதற்கு இது ஒரு காரணம்.

மூன்றாவது, சான்று இருந்தும் தெளிவில்லாதவை. இவற்றுள் தலையாயது ஆதித்த கரிகாலனின் கொலை.

கரிகாலனைக் கொன்றவர் யார்?

திருவாலங்காட்டுச் செப்பேடு கரிகாலன் மறைந்தான் என்று சொல்கிறதே தவிர, எப்படி என்று சொல்லவில்லை. அதற்கான சான்று காட்டுமன்னார்கோயிலை அடுத்த உடையார்குடியில், அனந்தீசுவரர் கோயில் கல்வெட்டில் உள்ளது. இராசராசனின் இரண்டாம் ஆட்சியாண்டைச் சேர்ந்த அக்கல்வெட்டு, கரிகாலனைக் கொன்ற துரோகிகளாகச் சோமன், இரவிதாசன், பரமேசுவரன் முதலியோரைக் குறிப்பிட்டு, அவர்களும் அவர்கள் உறவினரும் கொண்டிருந்த நிலங்கள் பற்றிய ஆணையைத் தருகிறது. இரவிதாசன் பஞ்சவன் பிரமாதிராயன் என்ற பட்டம் உடையவன். பஞ்சவன் என்பது பாண்டியரைக் குறிக்கும் சொல்லாதலால், கொலையாளிகளுக்குப் பாண்டியத் தொடர்பு இருந்திருக்கலாம் என்ற கருத்து எழுந்தது.

கொன்றவர் பெயர் தெரிந்தது. தூண்டியவர் யார் என்பது தெரியவில்லை. கொலை நடந்தது ஏறத்தாழ 970இல். நிலம் பற்றிய ஆணை வந்தது உத்தம சோழன் ஆட்சி முடிந்த பிறகு. இடைப்பட்ட பதினைந்து ஆண்டுகளில் குற்றவாளிகள் தண்டிக்கப்படவில்லையா? இதைக் கொண்டு உத்தம சோழனுக்குக் கொலையில் பங்கு இருக்கலாம் என்று நீலகண்ட சாஸ்திரி ஐயுற்றார். சதாசிவ பண்டாரத்தார் அதை மறுத்தார். இவ்வாறு அறிஞர்களும் ஊகித்துக்கொண்டிருந்த இடத்தில்தான் கல்கி தம் கதையை வைத்தார்.

கல்கி கையாண்ட முறை கவனிக்கத்தக்கது. அவர் இரவிதாசனை ஒளித்து வைக்கவில்லை. முதற் பாகத்திலேயே திருப்புறம்பியம் பள்ளிப்படையில் அவனும் கூட்டாளிகளும் கூடிச் சதி செய்வதை ஆழ்வார்க்கடியான் மறைந்திருந்து கேட்கிறான். வரலாறு படித்த வாசகர் அப்போதே கொலையாளியைக் கண்டுபிடித்துவிட்டதாக எண்ணியிருப்பார். ஆனால் கடம்பூர் மாளிகையில் அந்த இரவு வரும்போது, அறைக்குள்ளும் அறையைச் சுற்றியும் பலர் இருக்கிறார்கள். நந்தினி இருக்கிறாள், பெரிய பழுவேட்டரையர் மாறுவேடத்தில் இருக்கிறார், வந்தியத்தேவன் மறைந்திருக்கிறான், மணிமேகலை இருக்கிறாள். விளக்கு அணைகிறது. கரிகாலன் விழுகிறான். பின்பு பழி வந்தியத்தேவன்மேல் விழுகிறது. மணிமேகலை தானே கொன்றதாகச் சொல்கிறாள். பெரிய பழுவேட்டரையர் தம் கையே காரணம் என்கிறார். ஆசிரியர் எந்த இடத்திலும் ஒரே தீர்ப்பாக எழுதி முடிக்கவில்லை. கல்வெட்டு ஒரு விடையைத் தந்தது. நாவல் அதைப் பல கேள்விகளாக மாற்றியது.

இரண்டு மதுராந்தகர்கள்

கரிகாலன் கொலையைவிட நுட்பமானது மணிமகுடப் புதிர். செப்பேட்டின்படி மதுராந்தகன் அரசை விரும்பியவன். நாவலிலும் மதுராந்தகன் அரச ஆசை கொண்டவனாகவே அறிமுகமாகிறான். செப்பேட்டை அறிந்த வாசகர், அருள்மொழி இவனுக்கே முடியை விட்டுக்கொடுப்பான் என்று எதிர்பார்த்திருப்பார். அதில் ஒரு சங்கடமும் இருக்கும். தகுதியற்ற ஒருவனுக்கு நாட்டைக் கொடுப்பது தியாகம் ஆகுமா?

கல்கி இந்தச் சிக்கலைப் பிறப்பு மாறாட்டத்தால் அவிழ்த்தார். செம்பியன் மாதேவியின் உண்மை மகன், தஞ்சையில் பூமாலை கட்டிக் கோயிலுக்குக் கொடுத்துவந்த சேந்தன் அமுதன் என்று இறுதியில் தெரிகிறது. அவன் முதற் பாகத்திலிருந்தே வாசகர் கண்முன் இருந்தவன். சிவபக்தி மிகுந்தவன், அரசாள விருப்பமில்லாதவன். அருள்மொழி அவனுக்கே முடிசூட்டுகிறான். அவனே உத்தம சோழனாகிறான்.

இவ்வாறு செப்பேடு சொன்ன முடிவு எழுத்துக்கு எழுத்து நிறைவேறியது: அருள்மொழி ஒதுங்கினான், மதுராந்தகன் ஆண்டான். ஆயினும் சான்றை நம்பி ஊகித்தவர் ஏமாந்தார். என்ன நடக்கும் என்பதை மாற்ற வரலாறு இடம் தராதபோது, அது யாருக்கு நடக்கும் என்பதை ஆசிரியர் மாற்றிக் கொண்டார். வரலாற்றில் இத்தகைய பிறப்பு மாறாட்டத்துக்குச் சான்று இல்லை. இது முழுதும் கல்கியின் கற்பனை.

முடிந்த பின்னும் முடியாத கேள்விகள்

தொடர் 1954இல் நிறைவடைந்தது. முடிவு திடீரென்று வந்துவிட்டதாகப் பலர் கருதினர். அந்தப் பாத்திரம் என்ன ஆயிற்று, இந்தப் பாத்திரம் என்ன ஆயிற்று என்ற கேள்விகள் எழுந்தன. கல்கி நாவலின் இறுதியில் முடிவுரை ஒன்று எழுதி, பாத்திரங்களின் பிற்கால வாழ்வைப் பற்றிய வினாக்களுக்கு விடை கூறினார். வரலாற்று நாவல் ஒரு திருமணத்தோடு முற்றுப்பெறும் கதை அன்று. வரலாறு தொடர்ந்துகொண்டே இருப்பதால் எங்கேனும் ஓரிடத்தில் நிறுத்தவேண்டியுள்ளது என்பது அவர் நிலைப்பாட்டின் சாரம். அவ்வாண்டு டிசம்பர் 5 அன்று அவர் காலமானார். கேட்க நினைத்தவர்களுக்கு விடை சொல்ல ஆசிரியர் இல்லை.

அதன் பின் வாசகரின் ஊகம் எழுத்தாயிற்று. விக்கிரமன் எழுதிய நந்திபுரத்து நாயகி, அனுஷா வெங்கடேஷ் எழுதிய காவிரி மைந்தன் ஆகியவை பொன்னியின் செல்வன் கதையைத் தொடர்ந்து கொண்டு சென்றன. பாலகுமாரனின் உடையார் இராசராசனின் ஆட்சிக் காலத்தைப் பாடியது. கல்கி இதழும் மூலத் தொடரைப் புதிய தலைமுறையினருக்காக மீண்டும் மீண்டும் வெளியிட்டது. 2022 செப்டம்பர் 30 அன்றும் 2023 ஏப்ரல் 28 அன்றும் மணிரத்னம் இயக்கிய திரைப்படத்தின் இரு பாகங்கள் வெளிவந்தன. இடைப்பட்ட ஏழு மாதங்களில் பழைய ஊகங்கள் புதிதாகப் பிறந்தன. இம்முறை ஊகித்தவர்களுள் நாவலைப் படித்தவரும் இருந்தனர். படம் நாவலைப் பின்பற்றுமா, விலகுமா என்பது அவர்கள் கேள்வி. சேந்தன் அமுதன் பற்றிய திருப்பத்தைப் படம் எடுத்துக்கொள்ளவில்லை. நாவலை மனப்பாடமாக அறிந்தவரும் இவ்வாறு தோற்றனர்.

பிற தொடர்களோடு ஒப்பீடு

அண்மைக்கால மாயக்கதைத் தொடர்களிலும் இவ்வழக்கம் காணப்படுகிறது. ஹாரி பாட்டர் வரிசையின் ஆறாம் நூல் 2005 ஜூலையிலும் ஏழாம் நூல் 2007 ஜூலையிலும் வெளிவந்தன. இடைப்பட்ட இரண்டு ஆண்டுகள் ஸ்னேப் என்ற ஆசிரியர் நல்லவரா கெட்டவரா என்ற விவாதம் உலகெங்கும் நடந்தது. ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டின் 1996இல் தொடங்கிய நாவல் வரிசையில் ஜான் ஸ்னோவின் பெற்றோர் யார் என்பதை வாசகர்கள் மிக முன்பே கணித்துவிட்டனர். சில வாசகர்கள் தம் குறிப்புகளைக் கொண்டு சரியாக ஊகித்துவிட்டதை அறிந்தும், அதற்காகக் கதையை மாற்றப்போவதில்லை என்று மார்ட்டின் கூறினார். முன்கூட்டியே விதைத்த குறிப்புகளை இடையில் பொய்யாக்குவது, கவனமாகப் படித்தவரை ஏமாற்றுவது ஆகும் என்பது அவர் கருத்து.

தமிழில் இதற்கு நேர்மாறான எடுத்துக்காட்டு ஜெயமோகனின் வெண்முரசு. 2014 ஜனவரி 1 முதல் 2020 ஜூலை வரை நாள்தோறும் இணையத்தில் வெளிவந்து 26 நாவல்களாக நிறைவுற்ற இத்தொடரின் கதை மகாபாரதம். பீஷ்மர் வீழ்வார், கர்ணன் மடிவான் என்பது எல்லாருக்கும் தெரியும். ஆயினும் வாசகர் கடிதங்கள் நாள்தோறும் வந்தன. எது நடக்கும் என்பது அங்கு கேள்வி அன்று. எப்படி நடக்கும், ஏன் நடக்கும் என்பதே கேள்வி. தெருக்கூத்தில் விடிய விடிய உட்கார்ந்து, திரௌபதி கூந்தல் முடிக்கும் காட்சிக்காகக் காத்திருக்கும் ஊராரின் மனநிலையும் இதுவே.

ஊகமும் வரலாறும்

வாசகரின் ஊகம் பொழுதுபோக்காக இருக்கும்வரை அதனால் தீங்கில்லை. அது வரலாறாக நிலைபெறும்போதுதான் சிக்கல் எழுகிறது. நந்தினி என்றொரு பெண் உண்மையில் வாழ்ந்தாள் என்றும், உத்தம சோழன் மாலை கட்டியவர் வீட்டில் வளர்ந்தான் என்றும் நம்புவோர் இன்றும் உள்ளனர். கரிகாலன் கொலையை முன்வைத்து ஒரு சமூகத்தையோ ஒரு குடும்பத்தையோ குற்றவாளியாக்கும் பேச்சுகளும் எழுகின்றன. ஆயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்ட ஒரு கொலைக்கு, ஒரு கல்வெட்டின் சில வரிகளை மட்டும் வைத்துக்கொண்டு இன்று வாழ்பவரைப் பழிப்பது வரலாறும் ஆகாது, நல்ல ஊகமும் ஆகாது.

நல்ல ஊகத்துக்கு மூன்று இலக்கணங்கள் உண்டு. அது சான்றிலிருந்து தொடங்கும். சான்று எங்கே முடிகிறது, தன் எண்ணம் எங்கே தொடங்குகிறது என்பதைப் பிரித்துச் சொல்லும். புதிய சான்று கிடைத்தால் தன்னைத் திருத்திக்கொள்ளும். நீலகண்ட சாஸ்திரியும் பண்டாரத்தாரும் மாறுபட்ட முடிவுகளுக்கு வந்தபோதும், இருவரும் தம் சான்றுகளை வெளிப்படையாக வைத்தனர். அதனால்தான் அடுத்து வந்தவர்கள் அவர்களைச் சரிபார்க்க முடிந்தது. கல்கியும் தம் முடிவுரையில், கதை வேறு, கல்வெட்டுச் சான்று வேறு என்று வாசகர் உணரும்படியே விடை கூறினார்.

திருவள்ளூர், கும்மிடிப்பூண்டிப் பகுதி இன்று தொழிற்பேட்டைகளாலும் சிப்காட் வளாகத்தாலும் அறியப்படுகிறது. காலையிலும் மாலையிலும் புறநகர் ரயில்களில் பயணம் செய்யும் மாணவர்கள் பலர் கைப்பேசியில் பொன்னியின் செல்வனைப் படிக்கவோ கேட்கவோ செய்கின்றனர். கல்கியின் எழுத்துகள் நாட்டுடைமை ஆக்கப்பட்டதால் அவை எளிதில் கிடைக்கின்றன. சென்னை–அரக்கோணம் ரயில் பாதையில் திருவாலங்காடு நிலையம் இருக்கிறது. இறங்கிக் கோயிலுக்குச் செல்பவர், நாவலின் கடைசிப் பாகத்துக்குத் தியாகச் சிகரம் என்று பெயர் வரக் காரணமான செய்தி இந்த ஊருக்குக் கொடுக்கப்பட்ட செப்பேட்டில் இருந்தது என்பதை நினைவுகூரலாம். அந்தச் செப்பேட்டில் அருள்மொழி அரசை விரும்பவில்லை என்று இருக்கிறது. ஏன் விரும்பவில்லை என்பதற்கான முழு விடை இல்லை. அந்த இடத்தை நிரப்பவே கல்கி ஐந்து பாகங்கள் எழுதினார். வாசகர்கள் எழுபது ஆண்டுகளாக அதையே பேசிக்கொண்டிருக்கின்றனர்.